ஆய்க்குடிச் சாலையும் அகன்ற சக்கரங்களும்



குற்றாலம் என்றதும் அருவி நினைவுக்கு வரும். தென்காசி என்றதும் சாரல் நினைவுக்கு வரும். இவ்விரண்டையும் கண்டு மகிழ்ந்து ஊர் திரும்பும் பயணிகளுள் ஆய்க்குடிக்குச் சென்று வருவோர் மிகச் சிலரே. தென்காசிக்கு வடகிழக்கே, சாம்பவர்வடகரை வழியாகச் சுரண்டை செல்லும் சாலையில், ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் அமைந்துள்ள பேரூர் அது. அனுமன் நதி அதனருகே ஓடுகின்றது. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்திருக்க, மேற்கே மலைத்தொடர் நீல மதிலெனத் தோன்றும். 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், அன்று முதல் புதிய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது.

இம்மாதம் தங்களை அருவிக்கு அழைக்கவில்லை. ஆய்க்குடிச் சாலையின் ஓரத்தில் சற்று நேரம் நின்று, அவ்வழியே உருண்டோடும் சக்கரங்களைப் பார்க்க அழைக்கிறேன். சிறிய சுமை வண்டிகளுக்குப் பெரிய சக்கரம் பூட்டும் வழக்கம் நம் பகுதியில் பெருகியுள்ளது. அதில் உள்ள நன்மை எது, கேடு எது என்று அறிந்துகொள்ள இச்சாலை நல்லதொரு பாடசாலை. இது ஆண்களின் விவகாரம் என்று எண்ணித் தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வண்டி வாங்க அடகு வைக்கப்படும் நகை தங்களுடையது. அவ்வண்டியில் மலை ஏறி இறங்குபவர் தங்கள் கணவராகவோ மகனாகவோ இருக்கக்கூடும்.

யானை கொடுத்த ஊர்

ஆய்க்குடி என்னும் பெயர் மிகப் பழமையானது. பொதிகை மலைப் பகுதியை ஆண்ட ஆய் அண்டிரன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனுடைய ஊர் ஆய்குடி என்று சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. இன்றைய ஆய்க்குடியே அது என்பது பலருடைய கருத்து. பாடி வந்த புலவர்களுக்கும் பாணர்களுக்கும் யானைகளை வாரி வழங்கியவன் என்பது அவனுக்குரிய தனிச்சிறப்பு. அவனை மிகுதியாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அப்புலவரின் பெயரிலுள்ள அடைமொழி, அவர் கால் ஊனமுற்றவராய் இருந்தார் என்பதைக் காட்டுவதாகக் கொள்வோர் உண்டு. இச்செய்தியை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதன் பொருத்தம் விளங்கும்.

இன்று அச்சாலையில் வேறொரு யானை உலவுகின்றது. 2005ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த டாடா ஏஸ் என்னும் சிறு சுமை வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'குட்டி யானை'. அதற்கு முன்பே, 1986இல் வந்த டாடா 407 நம் ஊர்களின் மினி லாரியாக நிலைபெற்றிருந்தது. 2011இல் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் தோஸ்த் வந்தது. மகிந்திரா நிறுவனத்தின் பொலேரோ பிக்கப் வண்டியும் தோட்டத்துப் பாதை, சந்தைக் கடை, மலைச்சாலை எங்கும் தென்படுகின்றது. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துவிட்டு ஊரோடு தங்க விரும்பித் திரும்பும் நம் இளைஞர்களுள் பலர், சேமிப்பின் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணைக்கு எடுத்து வாங்குவதும் இத்தகைய வண்டியையே.

இவற்றுக்கெல்லாம் மூத்தது மாட்டு வண்டி. தச்சர் குடம் கடைந்து, ஆரக்கால் பொருத்தி, வட்டை சேர்த்துச் சக்கரத்தை முடிப்பார். கொல்லர் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, வட்டையின் மேல் மாட்டி, தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்வார். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை உருவாக்கினார். பின்னாளில் நம் மாட்டு வண்டிகளுக்கும் டயர் வந்தது. 'டயர் வண்டி' என்னும் சொல்லே வழக்கில் ஏறியது. சக்கரம் மாறியபோது மாடு இழுக்கும் சிரமம் குறைந்தது, பாரமும் கூடியது. சக்கரத்தை மாற்றினால் பாரத்தைக் கூட்டலாம் என்ற எண்ணம் அன்று முதலே நம்மிடம் வேரூன்றிவிட்டது எனலாம்.

மலைக்கு அப்பால் ஒரு சந்தை

ஆய்க்குடியில் நின்று பார்த்தால் வண்டிகள் இரு திசையிலும் செல்லும். கிழக்கே சுரண்டை, பாவூர்ச்சத்திரம் ஆகிய ஊர்களின் காய்கனிச் சந்தைகள் பெயர் பெற்றவை. அங்கே குவியும் காய்கறிகளில் பெரும்பகுதி கேரளத்துக்குச் செல்கின்றது. மேற்கே செல்லும் வழி செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று நீளும். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. மேற்குத் தொடர்ச்சி மலை சற்றுத் தாழ்ந்து வழிவிடும் இக்கணவாயில் 1904ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடியது. மீட்டர் பாதையை அகலப் பாதையாக்கும் பணிக்காக அத்தடம் 2010இல் மூடப்பட்டு 2018இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் கத்தரிக்காய்க் கூடையும் வாழைத்தாரும் வீட்டு வாசலிலிருந்து கடை வாசல் வரை செல்லச் சாலையே வசதி.

இக்கணவாய்க்கு மூன்று இயல்புகள் உண்டு. ஒன்று, ஏற்றமும் இறக்கமும். புளியரைக்கு அருகே உள்ள 'எஸ் வளைவு' ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த இடம். இரண்டாவது, மழை. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பொழிந்து சாலை ஈரமாகவே கிடக்கும். மூன்றாவது, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே நெருக்கிக்கொண்டு வெளிவரும். சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் காற்றாலைகள் நிற்பதற்கு அக்காற்றே காரணம். உயரமாகப் பாரம் அடுக்கிய வண்டியின் பக்கவாட்டில் அது மோதும்போது, திசைமாற்றி பிடித்திருக்கும் கை அதன் வலிமையை உணரும்.

கணவாயைக் கடந்தால் தென்மலை, புனலூர்ப் பகுதிகளில் இரப்பர்த் தோட்டங்கள். டயருக்கு வேண்டிய இரப்பர்ப் பால் மலைக்கு அப்பால் வடிகின்றது. அவ்வகை இரப்பரால் ஆன டயர் மலைக்கு இப்பாலிருந்து காய்கறி சுமந்து செல்கின்றது.

பெரிய சக்கரத்தின் மீது ஏன் ஆசை?

தென்காசி வட்டாரத்து டயர்க் கடைகளுக்கு வரும் சுமை வண்டிக்காரர்கள் அளவு கூடிய டயர் கேட்பதற்குக் காரணங்கள் உண்டு. பாரம் ஏற்றியதும் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி நிற்பதைக் கண்டு அஞ்சுவது ஒன்று. வயல் வரப்பிலும் செங்கல் சூளையிலும் வண்டியின் அடிப்பகுதி தட்டாமல் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கனமான டயர் நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணமும் உண்டு. வண்டி கம்பீரமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையையும் மறுப்பதற்கில்லை.

இவற்றுள் முதல் மூன்றும் நியாயமானவை. காருக்குரிய மெல்லிய டயரோடு சுமை ஏற்றுவதைவிட, சுமைக்கென்றே செய்யப்பட்ட கனத்த டயரைப் பூட்டுவது அறிவுடைமையே. தேவை நியாயமா என்பதில் ஐயமில்லை; அத்தேவைக்கு அளவைக் கூட்டுவது மருந்தாகுமா என்பதே ஆராயத்தக்கது.

டயரின் மேல் எழுதியிருப்பது

ஒவ்வொரு டயரும் தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கின்றது. அதைப் படிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற இயலாது.

பழைய முறையில் 7.00-15, 7.50-16, 10.00-20 என்று எழுதுவார்கள். முன்னுள்ள எண் டயரின் அகலம். பின்னுள்ளது அது உட்காரும் இரும்புச் சக்கரத்தின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. புதிய முறையில் 215/75 ஆர் 15 என்று எழுதுவார்கள். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. 'ஆர்' என்றால் ரேடியல் வகை. 15 என்பது அங்குலத்தில் சக்கர விட்டம்.

அடுத்து வருவது சுமைக் குறியெண். இதுவே சுமை வண்டிக்காரர் முதலில் பார்க்க வேண்டிய எண். 100 என்று இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 110 என்றால் 1060 கிலோ. 120 என்றால் 1400 கிலோ. 121/120 என்று இரண்டு எண்கள் இருந்தால், தனி டயராகப் பூட்டும்போது 1450 கிலோவும், பின்புறம் இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 1400 கிலோவும் தாங்கும் என்பது பொருள். இரட்டையாக நிற்கும் டயர்கள் பாரத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. நடுவில் வெப்பமும் தங்கும். ஆதலால் அந்தக் குறைவு.

'பிளை' எண்ணைக் குறித்தும் ஒரு சொல். 12 பிளை என்றால் உள்ளே 12 அடுக்குத் துணி இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். பருத்தி நூலால் டயர் செய்த காலத்தில் அது உண்மை. நைலானும் எஃகுக் கம்பியும் வந்தபின், அந்த எண் வலிமையைக் குறிக்கும் அடையாளமாக மட்டுமே நிற்கின்றது.

இவை யாவும் காற்றை நம்பியவை. டயரில் எழுதியுள்ள சுமையை அது தாங்க வேண்டுமானால், அதற்குக் குறித்த காற்றழுத்தம் இருந்தாக வேண்டும். காருக்கு 30 முதல் 35 பவுண்டு போதும். சுமை டயருக்கு அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் தேவைப்படும். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். மடிந்து நிமிர்வதால் சூடேறும். அச்சூட்டால் உள்ளடுக்குகள் பிரிந்து, ஒருநாள் வெடிக்கும். நடுச்சாலையில் நிகழும் டயர் வெடிப்புகளுக்கு வெயிலைக் குறை கூறுவோர், அன்று காலை காற்றளவு பார்த்தார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று. காற்றளவை டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடிக் காட்டும்.

இறுதியாக, நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். 'புதியது' என்று விற்கப்படும் டயர் எத்தனை ஆண்டு கடையில் உறங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

உயரம் கூடினால்

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 215/75 ஆர் 15 டயரின் முழு விட்டம் 703.5 மில்லிமீட்டர். அதை நீக்கி 235/75 ஆர் 15 பூட்டினால் விட்டம் 733.5 மில்லிமீட்டர். வேறுபாடு 30 மில்லிமீட்டர். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே கூடும் இடைவெளி அதில் பாதிதான்: ஒன்றரைச் சென்டிமீட்டர். வரப்பில் அடிபடாமல் காக்க எண்ணிச் செலவழித்த பணத்துக்கு விரல் தடிமன் அளவே உயரம் கிடைக்கின்றது.

அதற்கு ஈடாக நாம் இழப்பவை யாவை? விட்டம் நூற்றுக்கு நான்குக்கு மேல் கூடிவிட்டது. எஞ்சின் அதே எஞ்சின், பல்சக்கரங்களும் அவையே. ஆகவே தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு குறைகின்றது. சமவெளியில் இது தெரியாது. புளியரை ஏற்றத்தில், பாரத்தோடு, கீழ்க் கியரில் ஏறும்போது தெரியும். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும். கிளட்ச் தகடு விரைவில் தேயும்.

பிரேக்கும் அவ்வாறே. டிரம்மும் பிரேக் கட்டையும் மாறவில்லை. சக்கரம் பெரிதானதால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு நூற்றுக்கு நான்கு குறைகின்றது. ஏற்றத்தில் இழுவை குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவே. இறக்கத்தில் பிரேக் குறைந்தால் நிலைமை வேறு. ஆரியங்காவுப் பக்கம் தொடர்ந்து இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் கற்பிக்கின்றனர். பெரிய சக்கரம் பூட்டிய வண்டிக்கு அப்பாடம் இரு மடங்கு பொருந்தும்.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது 60 என்று காட்டும்போது வண்டி 62க்கும் 63க்கும் இடையில் ஓடும். 100 கிலோமீட்டர் என்று காட்டுகையில் 104 கிலோமீட்டர் ஓடியிருக்கும். எனவே டீசல் கணக்குப் பார்க்கும்போது, 'புதிய டயர் போட்டபின் மைலேஜ் குறைந்துவிட்டதே' என்ற மனக்குறை எழும். அதில் ஒரு பங்கு, குறைத்துக் காட்டும் அந்தக் கணக்கால் விளைவது.

அகலம் கூடினால்

உயரத்தைவிட அகலத்தில் ஆபத்து நுட்பமானது. அகன்ற டயருக்கு அகன்ற இரும்புச் சக்கரம் வேண்டும். நம் பட்டறைகளில் இதை 'டிஸ்க்' என்பார்கள். வேறொரு வண்டியின் டிஸ்க்கைக் கொண்டுவந்து பூட்டும்போது, போல்ட்டுத் துளைகள் ஒத்து வந்துவிட்டன என்பதோடு பலர் நிறைவடைகின்றனர். அது போதாது. சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும், அது அச்சோடு ஒட்டி உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் முன்பிருந்த அளவே இருக்க வேண்டும்.

ஏன் என்பதைத் தாய்மார்கள் எளிதில் அறிவர். நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரு கல் தொலைவு நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பது கடினம். குடத்தின் எடை மாறவில்லை. உடம்பிலிருந்து விலகிய தூரம் மாறியது. சக்கரம் வெளியே தள்ளி நின்றால், அச்சு முனையிலுள்ள பேரிங் அப்படித்தான் திணறும். சிலகாலம் உறுமும், பிறகு உடையும். உள்ளே தள்ளி நின்றாலோ, வளைவில் திருப்பும்போது டயர் வில்பட்டையிலோ மட்கார்டிலோ உராயும். இரட்டைச் சக்கரத்தில் இரண்டு டயர்களுக்கும் நடுவே இடைவெளி குறைந்து, பாரம் ஏறியதும் ஒன்றையொன்று தேய்த்துத் தீய்க்கும்.

டிஸ்க்குக்கும் சுமை வரம்பு உண்டு. அதிகக் காற்றழுத்தம் கேட்கும் டயரை மெல்லிய டிஸ்க்கில் ஏற்றினால் டிஸ்க் வெடிக்கும். லாரிகளில் காணப்படும் பூட்டு வளையம் உள்ள டிஸ்க்குகளைக் கையாளும்போது, காற்றடிக்கையில் வளையம் தெறித்து உயிரைப் பறிக்கக்கூடும். எனவே இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அங்கு நிற்கவிடலாகாது.

பட்டன் அமைப்பையும் கவனிக்க வேண்டும். வரப்பிலும் சேற்றிலும் பிடிப்புத் தரும் கட்டைப் பட்டன் டயர், ஈரத் தார்ச்சாலையில் அதே பிடிப்பைத் தருவதில்லை. முன் சக்கரத்துக்கு நீள்கோடுகள் ஓடும் டயரும், பின் சக்கரத்துக்குக் கட்டைப் பட்டனும் பூட்டும் பழைய வழக்கத்தில் பொருள் இருக்கின்றது. முன்சக்கரம் திசை காட்ட வேண்டியது. பின்சக்கரம் உந்த வேண்டியது.

அச்சு மட்டும் அதே அச்சு

இனித்தான் தலையாய செய்தி. எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் பின்னச்சில் சுமைக் குறியெண் 100 உள்ள இரு டயர்கள் இருந்தன என்று கொள்வோம். அவை 1600 கிலோ தாங்கும். அவற்றை நீக்கிவிட்டு 110 உள்ள இரண்டைப் பூட்டினால் அவை 2120 கிலோ தாங்கும். உடனே நம் மனம், 'இனி அரை டன் கூட ஏற்றலாம்' என்று கணக்குப் போடுகின்றது. வண்டிக்காரர் ஏற்றத் தயங்கினாலும் சரக்குக்காரர் விடமாட்டார். 'டயர்தான் புதிதாகப் போட்டிருக்கிறீர்களே, இன்னும் பத்துப் பெட்டி ஏற்றுங்கள் அண்ணே' என்பார்.

முன்பு பாரம் மிகுந்தால் டயர் பிதுங்கி நின்று எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கை நின்றுவிட்டது. பாரத்தைத் தாங்கும் மற்ற உறுப்புகள் எவையும் வலுப்பெறவில்லை. அச்சு அதே அச்சு. பேரிங், வில்பட்டை, சட்டம், பிரேக் யாவும் பழைய அளவே. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். சக்கரம் உடையும் என்று அவர் சொல்லவில்லை; அச்சு முறியும் என்றே சொன்னார். வண்டியை அறிந்தவர் சொல் அது.

ஆகவே, கனத்த டயரைப் பாரம் கூட்டுவதற்காக வாங்கலாகாது. வண்டிக்கு உரிமம் பெற்ற பாரத்தையே அச்சமின்றிச் சுமப்பதற்காக வாங்கலாம். அதுவும் தயாரிப்பாளர் அனுமதித்த அளவிலேயே, சுமைக் குறியெண் கூடிய டயராகத் தேர்ந்தெடுத்தால், உயரமும் அகலமும் மாறாமல் வலிமை மட்டும் கூடும். இதுவே சிக்கனமும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்த வழி.

சட்டமும் இதையே சொல்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அளவுக்கு மீறிய பாரத்துக்கு, அவ்வாண்டின் திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கின்றது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரோடு வண்டி ஓட்டுவதும் விதிமீறலே. தண்டத்தைக்கூடக் கட்டிவிடலாம். மாற்றம் செய்த வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது எழும் சிக்கல், ஒரு குடும்பத்தையே கடனில் மூழ்கடிக்கும்.

சக்கர நாற்காலிகளின் ஊர்

ஆய்க்குடியைப் பற்றி எழுதிவிட்டு அங்குள்ள வேறு சில சக்கரங்களைப் பற்றி எழுதாமல் விடுவது முறையன்று. 1975ஆம் ஆண்டு ஜனவரியில், பொறியியல் மாணவரான எஸ். இராமகிருஷ்ணன் என்னும் ஆய்க்குடி இளைஞர், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். அங்கு உடல்திறன் சோதனையின்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியே வாழ்வாகிவிட்ட அவர், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் தம் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக 'அமர்' என்று பெயரிட்டார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். சிறு பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம், பிள்ளைகளின் சிகிச்சை, கல்வி, தொழிற்பயிற்சி, முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வு எனப் பல துறைகளில் விரிந்தது. இராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆய் அண்டிரனின் அவையில் முடமோசியார் வீற்றிருந்த ஊர் என்று நம்பப்படும் மண்ணில் இப்பணி வளர்ந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

சுமை வண்டியைப் பற்றிய பேச்சில் இதற்கென்ன இடம் என்று தாங்கள் கேட்கலாம். முதுகுத்தண்டுவடம் சிதைவதற்கு உலகெங்கும் முதன்மையான காரணங்கள் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலுமே. மலையிறக்கத்தில் பிரேக் தளர்ந்த ஒரு வண்டி, ஒரே நொடியில் ஒரு குடும்பத் தலைவரைச் சக்கர நாற்காலிக்கு அனுப்பிவிடும். அங்கே அவர் மீண்டும் உட்காரக் கற்று, உருளக் கற்று, பிழைக்கக் கற்கும் ஆண்டுகளை எந்தச் சரக்குக் கூலியும் ஈடுசெய்யாது.

சக்கர நாற்காலியிலும் பெரிய சக்கரம், சிறிய சக்கரம் என்னும் கேள்வி உண்டு. பின்சக்கரம் பெரும்பாலும் 24 அங்குலம். முன்னுள்ள சிறு சக்கரங்கள் மிகச் சிறியவையாக இருந்தால் கிராமத்து மணலிலும் கல்லிலும் புதைந்து நிற்கும். சற்றுப் பெரியவையாக இருந்தால் எளிதில் ஏறிக் கடக்கும். ஆனால் பெரிதானால் திரும்பும்போது கால் மிதியில் இடிக்கும். எனவே முதலில் உட்காருபவரின் இடுப்பையும் காலையும் கை வலிமையையும் அளக்கிறார்கள். அவர் உருண்டு செல்லப்போகும் தரையைக் கேட்கிறார்கள். அதன்பின் சக்கரத்தைத் தீர்மானிக்கிறார்கள். தாங்குவது எது, அதன் வலிமை எவ்வளவு என்று முதலில் அளந்துவிட்டுச் சக்கரத்தைப் பொருத்தும் இவ்வொழுங்கு சுமை வண்டிக்கும் அப்படியே பொருந்தும்.

வண்டி வைத்திருப்போர்க்கு

சொந்த வண்டிக்குச் சக்கரம் மாற்ற எண்ணும் வாசகர்கள் கடைக்குப் புறப்படுமுன் சிலவற்றைச் செய்தல் நலம். பதிவுச் சான்றிலுள்ள மொத்த எடையைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவின் அருகிலோ கையேட்டிலோ குறித்துள்ள டயர் அளவையும் காற்றளவையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாள் வழக்கமான பாரத்தோடு எடைமேடையில் ஏறி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனியே எடை பாருங்கள். அந்த எடைச்சீட்டு, டயர்க் கடையில் கிடைக்கும் நூறு யோசனைகளைவிட மதிப்புடையது. வரம்புக்குள் இருந்தால் அதே அளவில் சுமைக் குறியெண் கூடிய டயர் போதும். வரம்பை மீறியிருந்தால் தங்களுக்குத் தேவை இன்னும் பெரிய வண்டியோ, இரண்டு நடையோதான்.

பூட்டும்போது ஒரே அச்சில் ஒரே அளவு, ஒரே வகை டயரைப் பூட்டுங்கள். ரேடியலையும் நைலானையும் ஓர் அச்சில் கலக்காதீர்கள். டிஸ்க்கும் அச்சும் ஒட்டும் முகத்தில் துருவும் தடித்த வண்ணப்பூச்சும் இல்லாமல் சுரண்டிவிட்டு, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள். நான்கு டயரைப் புதிதாக்கிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே வைத்திருப்பவர், இரவு நேரத்தில் கணவாயில் பஞ்சரானால் அதன் விளைவை அறிவார்.

பிறர் சரக்கு நம் வண்டியில் ஏறும்போது அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைவிடப் பெரிய அமானிதம் ஓட்டுநரின் உயிரும், எதிரே வருவோர் உயிரும்.

அடுத்த முறை குற்றாலச் சாரலுக்கு வரும்போது ஆய்க்குடிக்கும் ஒரு நடை சென்று வாருங்கள். சாலையோரத் தேநீர்க் கடையில் நின்று, மேற்கே செல்லும் சுமை வண்டிகளின் பின்சக்கரங்களைக் கவனியுங்கள். ஊருக்குத் திரும்பியதும், தங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை, அது சிறிதோ பெரிதோ, காலையில் கிளப்புமுன் காற்றளவு பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.